சட்டைக்குள் ஒரு காது

நடிகரின் உடையில் மறைந்திருக்கும் மைக், படத்தில் நாம் கேட்பது யாருடைய குரல் என்பதையே தீர்மானிக்கிறது. அதை எங்கே வைக்கிறார்கள், எப்படி வைக்கிறார்கள், அதனால் நடிப்புக்கும் பார்வையாளருக்கும் நேர்வது என்ன?

1963. கலிபோர்னியாவின் பர்பேங்க் நகரில் வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோ. ‘மை ஃபேர் லேடி’ படப்பிடிப்பு நடக்கிறது. உச்சரிப்பே உயிர் என்று வாழும் பேராசிரியர் ஹிக்கின்ஸ் வேடத்தில் ரெக்ஸ் ஹாரிசன். பாட்டை முன்கூட்டியே ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடி வைத்துவிட்டு, கேமரா முன்னால் உதட்டை மட்டும் அசைப்பதுதான் அந்நாளைய வழக்கம். ஹாரிசன் அதற்கு உடன்படவில்லை. 1956 முதல் பிராட்வே மேடையில் அந்த வேடத்தை நடித்தவர் அவர். பாதி பேச்சும் பாதி பாட்டுமாக அவர் சொல்லும் வரிகள் ஒவ்வொரு முறையும் புதிதாக விழும். பதிந்து வைத்த குரலின் பின்னால் ஓட அவரால் முடியாது.

கடைசியில் அவருடைய டைக்குள் ஒரு மைக் போனது. உடைக்கு அடியில் கம்பியில்லா டிரான்ஸ்மிட்டர். கேமரா முன்னால் அவர் பாடியதே இன்றும் படத்தில் கேட்கிறது. அதே படத்தின் நாயகி ஆட்ரி ஹெப்பர்னுக்காகப் பெரும்பாலான பாடல்களைப் பாடியவர் மார்னி நிக்ஸன் என்ற பின்னணிப் பாடகி. ஒரே காட்சியில் நிற்கும் இருவரில் ஒருவர் குரல் அந்த இடத்திலேயே பிறந்தது. மற்றவர் குரல் வேறொருவர் தொண்டையிலிருந்து வந்தது. படத்தின் ஒலிக்கான ஆஸ்கரை வார்னர் ஒலித்துறையின் ஜார்ஜ் குரோவ்ஸ் பெற்றார். 1927இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ படத்தின் குரல்களைப் பதிந்தவரும் அவரே.

ஹாரிசனின் டைக்குள் போன அந்தக் கருவிக்கு இன்று ஒரு மிளகு அளவுகூடத் தேவையில்லை. நம் படப்பிடிப்புத் தளங்களில் அதைக் காலர் மைக் என்பார்கள், லேப்பல் மைக் என்பார்கள். ஓடிடி தொடர்கள் பெருகி, படப்பிடிப்பிலேயே குரலைப் பதியும் லைவ் சவுண்ட் முறைக்குத் தமிழிலும் தேவை கூடியிருக்கும் இந்த நேரத்தில், மைக்கை ஒளிக்கும் கலையின் மீது எல்லோர் பார்வையும் திரும்பியிருக்கிறது.

பூச்சாடிக் காலம்

பேசும் படத்தின் தொடக்க நாட்களில் மைக் பெரியது; இருந்த இடத்தை விட்டு நகராதது. கேமராவோ ஓயாமல் இரையும் இயந்திரம். அதை ஒலி கசியாத சிற்றறைக்குள் அடைத்து, கண்ணாடி வழியாகப் படம்பிடித்தார்கள். மைக்கைப் பூச்சாடியிலோ மேஜைப் பொருட்களுக்குப் பின்னாலோ மறைத்துவிட்டு, நடிகர்கள் அதைச் சுற்றியே நின்று பேசினார்கள். அந்த நாட்களைக் கேலி செய்த ‘சிங்கிங் இன் தி ரெயின்’ (1952) படத்தில், செடிக்குள் வைத்த மைக் பக்கம் தலையைத் திருப்பவே நாயகி மறந்துவிடுகிறாள். பிறகு மைக்கை அவள் உடையிலேயே தைக்கிறார்கள். இதயத் துடிப்பு இடியாக விழுகிறது. சிரிக்க வைக்க எடுத்த காட்சி அது. ஆனால் அதிலுள்ள கோளாறுகள் அத்தனையும் இன்றைய ஒலிப்பதிவாளருக்கும் நன்கு தெரிந்தவை.

1929இல் ‘தி வைல்ட் பார்ட்டி’ படத்தில் நாயகி கிளாரா போவ் தளத்தில் தாராளமாக நடமாட வேண்டும் என்பதற்காக, இயக்குநர் டோரதி ஆர்ஸ்னர் மைக்கை ஒரு தூண்டில் கழியில் கட்டித் தலைக்கு மேலே கொண்டுவந்தார் என்பார்கள். பூம் மைக்கின் தொடக்கமாகச் சொல்லப்படும் கதைகளில் அதிகம் அறியப்பட்டது இது.

பம்பாயில் அர்தேஷிர் இரானி ‘ஆலம் ஆரா’வை எடுத்தபோது அவரிடம் பூமும் இல்லை, ஒலி புகாத தளமும் இல்லை. ஸ்டூடியோவுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. ரயில்கள் ஓய்ந்த நள்ளிரவுக்குப் பின்தான் பெரும்பாலான காட்சிகளை எடுக்க முடிந்தது. கேமராவின் கண்ணில் படாத மூலை முடுக்குகளில் மைக்குகளை மறைத்தார்கள். ஒலியும் ஒளியும் ஒரே நெகட்டிவில் பதியும் முறை என்பதால் பிறகு திருத்திக்கொள்ளவும் வழியில்லை. அந்தப் படம் 1931 மார்ச் 14 அன்று வெளியானது. தமிழின் முதல் பேசும் படமான, எச்.எம். ரெட்டி இயக்கி டி.பி. ராஜலட்சுமி நடித்த ‘காளிதாஸ்’ அதே இம்பீரியல் கம்பெனியின் தயாரிப்பாக அக்டோபர் 31 அன்று வந்தது. தமிழ்த் திரையின் முதல் குரல்கள் படப்பிடிப்பிலேயே பிடிக்கப்பட்டவை என்பதை மறந்துவிடக் கூடாது. டப்பிங் பிற்பாடு வந்த பழக்கம்.

பூம் எட்டாத இடம்

நல்ல ஒலிக்கு முதல் தேர்வு இன்றும் பூம்தான். நடிகரின் தலைக்குச் சற்று மேலே, முன்பக்கமாக நின்று வாயை நோக்கும் மைக், குரலோடு அந்த இடத்தின் காற்றையும் சேர்த்துத் தருகிறது. துணி உரசும் வம்பு அதற்கு இல்லை. இடர் தூரத்தில்தான் இருக்கிறது. திறந்த வெளியில் மைக் இரு மடங்கு விலகினால் குரலின் அளவு 6 டெசிபல் குறையும். சுவரின் எதிரொலியும் தெருவின் இரைச்சலும் அப்படிக் குறைவதில்லை. கால் மீட்டரில் கணீரென்று கேட்ட வசனம் இரண்டு மீட்டரில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதாகிவிடும்.

ஒரே கேமரா இருந்த காலத்தில் இதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. அகன்ற ஷாட்டில் பூம் தள்ளி நிற்கும். குளோசப் எடுக்கும்போது அருகில் வரும். படத்தொகுப்பில் குளோசப்பின் ஒலியே பெரும்பாலும் இடம்பெறும். டிஜிட்டல் கேமரா வந்தபின் அகன்ற ஷாட்டையும் குளோசப்பையும் இரண்டு கேமராக்களில் ஒரே நேரத்தில் எடுப்பது சாதாரணமாகிவிட்டது. அகன்ற சட்டகத்துக்குள் பூம் நுழைய முடியாது. ஆகவே குளோசப்புக்கும் அருகில் இருந்து பதிந்த ஒலி கிடைக்காது. உடைக்குள் மைக் வைக்கும் தேவை இந்த அளவுக்குப் பெருகியதற்கு முதல் காரணம் இந்த இரண்டாவது கேமராதான்.

கருவி சிறுத்ததற்கு வேறு கதை உண்டு. 1962இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் உருவாக்கிய எலெக்ட்ரெட் மைக், மின்னூட்டத்தைத் தன்னிடமே தேக்கி வைக்கும் மெல்லிய படலத்தால் ஆனது. மைக்கைச் சின்னதாகவும் மலிவாகவும் செய்ய அது வழிவிட்டது. 1970களில் ராபர்ட் ஆல்ட்மன் ‘கலிபோர்னியா ஸ்ப்ளிட்’, ‘நாஷ்வில்’ படங்களில் நடிகர்களுக்குத் தனித்தனி கம்பியில்லா மைக் கொடுத்து, எட்டுத் தடங்களில் பதிந்தார். ஒருவர் பேசும்போதே இன்னொருவர் குறுக்கிட்டுப் பேசும் உண்மையான கூட்டப் பேச்சு அதனால்தான் அவர் படங்களில் கேட்கிறது.

நெஞ்சில் வைத்தால் நேர்வது

உடலில் வைக்கும் மைக்குகள் பெரும்பாலும் எல்லாத் திசைகளிலிருந்தும் கேட்பவை. நடிகர் தலையைத் திருப்பினாலும் குரல் சட்டென்று விழுந்துவிடாது. ஒரு திசையில் மட்டும் கேட்கும் மைக்குகளோடு ஒப்பிட்டால், உரசலும் காற்றும் அவற்றைத் தொந்தரவு செய்வது குறைவு. வழக்கமான இடம் மார்பெலும்பின் நடு. அங்கே இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. நெஞ்சறையின் அதிர்வால் 800 ஹெர்ட்ஸ் அருகே குரல் தடிக்கிறது. தாடையின் நிழலில் இருப்பதால் 3,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மெலிகிறது. சொல் தெளிவுக்கு ஆதாரமான மெய்யொலிகளின் தடயங்கள் நிறைந்த பகுதி அது. மேலே இரண்டு அடுக்குத் துணி மூடினால் சகரத்தின் சீறலும் மங்கும். குரல் பெரிதாகக் கேட்கிறது, சொல் மட்டும் புரியவில்லை என்ற புகாருக்கு அடிப்படை இங்கே இருக்கிறது.

நெற்றியில் முடி தொடங்கும் கோட்டில் வைத்த மைக் இதைவிட இயல்பான குரலைத் தரும். மேடை நாடகக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். கேமரா அருகில் வரும் சினிமாவில் அந்த இடம் எப்போதாவதுதான் வாய்க்கும். தொப்பியின் விளிம்பு, தலைப்பாகை, மூக்குக்கண்ணாடிச் சட்டம் இருந்தால் ஒலிப்பதிவாளருக்கு யோகம்.

[பெட்டிச் செய்தி: எந்த உடையில் எங்கே?]

சட்டை: பொத்தான் பட்டியின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவில், இரண்டு பொத்தான்களுக்கு இடையே. கோட்டும் டையும் இருந்தால் முடிச்சுக்குள். ஆனால் இறுக்கி முடிந்தால் குரல் அமுங்கும்.

புடவை: ரவிக்கைக் கழுத்தின் உள்விளிம்பு, அல்லது தோளில் மடிப்பு குத்தும் இடம். டிரான்ஸ்மிட்டர் இடுப்பின் பின்புறம், தொடைப் பட்டையில் அல்லது கணுக்காலில்.

சுடிதார், டி-ஷர்ட்: உள்ளாடையின் நடுப்பகுதி. துணி உடலைத் தொடாமல் நிற்கும் சின்னப் பள்ளம் அங்கே இருப்பதால் உரசல் குறைவு.

வேட்டி மட்டும், மேலே வெற்றுடம்பு: தோள் துண்டின் மடிப்பு, முண்டாசு. இரண்டும் இல்லையென்றால் உடலை விட்டுவிட்டு, பக்கத்துத் தூணிலோ திண்ணையிலோ தேடவேண்டியதுதான்.

கார்: வெயில் மறைப்புப் பலகை, முன்பலகை. கேமரா பார்க்கும் திசையைப் பொறுத்து இடம் மாறும்.

[பெட்டி முடிந்தது]

பட்டின் சரசரப்பும் கஞ்சியின் மொடமொடப்பும்

மறைப்பது எளிது, சத்தமில்லாமல் மறைப்பதுதான் வித்தை. மைக்கின் மீது துணி படுவதால் வரும் உரசல் ஒரு வகை. துணியோடு துணி உரசி எழும் சரசரப்பு இன்னொன்று. மைக்கை எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் அது தீராது, ஏனென்றால் அது உண்மையிலேயே அங்கே எழும் ஒலி. கம்பி இழுபடுவதால் வரும் தடதடப்பு மூன்றாவது.

முதல் வகைக்கு மருந்து ஒட்டுப்பட்டை. துணிப் பட்டையின் ஒரு துண்டைப் பசை வெளியே இருக்கும்படி சமோசா மடிப்பதுபோல் முக்கோணமாக மடிக்கிறார்கள். இப்படி இரண்டு செய்து, நடுவில் மைக்கை வைத்தால், ஒரு பக்கம் துணியிலும் மறுபக்கம் தோலிலும் ஒட்டிக்கொள்ளும். துணியும் மைக்கும் உடலும் ஒன்றாகவே அசைவதால் ஒன்றோடொன்று உரசுவதில்லை. கம்பியை மைக்குக்குக் கீழே ஒரு வளையமாகச் சுற்றி ஒட்டிவிட்டால், கீழிருந்து வரும் இழுப்பு அந்த வளையத்தோடு நின்றுவிடும். தோலில் ஒட்ட மருத்துவமனைப் பட்டை, விக் ஒட்டும் இருபக்கப் பசைப் பட்டை எல்லாம் பயன்படுகின்றன.

இரண்டாம் வகைக்கு ஒலிப்பதிவாளரிடம் மருந்தில்லை. அது காஸ்ட்யூமர் கையில் இருக்கிறது. துவைத்துத் துவைத்து மெதுவான பருத்தி பேசாமல் இருக்கும். பட்டும் பாலியஸ்டரும் ஒவ்வொரு மூச்சுக்கும் சரசரக்கும். கஞ்சி போட்ட வேட்டி சட்டை மொடமொடக்கும். கல்யாணக் காட்சி என்றால் காஞ்சிபுரம் பட்டு, அடுக்குச் சங்கிலி, வளையல், கொலுசு என்று எல்லா எதிரிகளும் ஒரே நாளில் வந்து சேர்வார்கள். சங்கிலியைக் கண்ணுக்குத் தெரியாத பட்டையால் தோலோடு ஒட்டுவது, வளையல்களுக்கிடையே மெல்லிய பசை வைப்பது, சட்டகத்தில் பாதம் தெரியாதபோது கொலுசைக் கழற்றிவிடுவது என்று ஒவ்வொன்றாக அடக்க வேண்டும். உடைத் தேர்வு நடக்கும் நாளிலேயே ஒலிப்பதிவாளரை அழைத்துத் துணியைக் கசக்கிக் கேட்கச் சொல்லும் தயாரிப்புகள் உண்டு. அந்த அரைநாள், பிறகு டப்பிங் கூடத்தில் பல நாட்களை மிச்சப்படுத்தும். படப்பிடிப்பு அன்று காலையில்தான் உடையைப் பார்க்கிறார் என்றால் ஒலிப்பதிவாளர் பாதி தோற்றுவிட்டார்.

இந்த மண்ணின் தனிச் சிக்கல் வியர்வை. ஒரு துளி மைக்கின் வாயை அடைத்தால் குரல் சட்டென்று மங்கிவிடும். ஆகவே ஒரே நடிகருக்கு மாற்று மைக் தயாராக இருக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டருக்குள் ஈரம் புகாமல் இருக்க, உயவுப் பூச்சில்லாத ஆணுறைக்குள் அதைப் போட்டுக் கட்டுவது உலகெங்கும் உள்ள தொழில் வழக்கம். மலிவான, பலமுறை சோதிக்கப்பட்ட தீர்வு.

காற்றில் நெரிசல்

மறைந்த மைக் பெரும்பாலும் கம்பியில்லா மைக். டிவி ஒளிபரப்புக்கு ஒதுக்கிய யூஎச்எஃப் அலைவரிசைகளின் இடைவெளிகளில்தான் அது நெடுங்காலமாகப் பிழைத்து வந்திருக்கிறது. அந்த இடத்தைக் கைபேசிச் சேவைகள் வாங்கிக்கொண்டே வருகின்றன. அமெரிக்காவில் 2010இல் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியையும் 2020இல் 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியின் பெரும்பங்கையும் மைக்குகள் காலி செய்ய நேர்ந்தது. இந்தியாவில் 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் விற்பனையானது. 600 மெகாஹெர்ட்ஸை அப்போது யாரும் கேட்கவில்லை.

அலைவரிசை குறையக் குறைய மைக்குகள் ஒன்றையொன்று குழப்புகின்றன. 500 மெகாஹெர்ட்ஸில் ஒன்றும் 500.5இல் ஒன்றும் இயங்கினால் 499.5இலும் 501இலும் பொய் அலைகள் முளைக்கும். பத்து நடிகர்கள் பேசும் காட்சிக்கு இந்தக் கணக்கைப் போட்டு முடிக்காமல் யாருக்கும் மைக் மாட்டக் கூடாது. உடலில் நீர் அதிகம் என்பதால் உடலே அலையை விழுங்கும். முதுகில் டிரான்ஸ்மிட்டர் வைத்த நடிகர் ரிசீவரை நோக்கித் திரும்பும்போது குரல் அறுந்துபோவது அதனால்தான்.

குரல் யாருடையது?

1960களுக்குப் பின் இந்தியப் படப்பிடிப்பு ஸ்டூடியோவை விட்டு வெளியேறியபோது கூடவே போனது ஆரி 2சி கேமரா. தோளில் தூக்கிப் போகலாம்; ஆனால் ஓடும்போது இரையும். அந்த இரைச்சலில் பதியும் குரல் வழிகாட்டியாக மட்டுமே உதவும். முழு வசனத்தையும் பிறகு டப்பிங்கில் பேசுவது வழக்கமாயிற்று. 1970களின் பிற்பகுதியில் பாரதிராஜா போன்றவர்களின் கேமரா கிராமத்துத் தெருக்களுக்கே போக முடிந்ததில் அந்த ஏற்பாட்டுக்கும் பங்குண்டு. கேமராவின் இரைச்சல் ஓய்ந்து நெடுநாளாகியும் பழக்கம் மட்டும் ஓயவில்லை. தளத்தில் பதியும் குரல் எப்படியும் படத்தில் வரப்போவதில்லை என்ற எண்ணத்தில் ஜெனரேட்டர் வண்டி பக்கத்திலேயே நிற்கும், ஷாட் ஓடும்போதே இயக்குநர் உரக்கச் சொல்லிக்கொடுப்பார், சுற்றியிருப்பவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். இந்தச் சூழலில் எவ்வளவு விலையுயர்ந்த மைக்கை ஒளித்து வைத்தாலும் பயனில்லை.

தமிழ் தெரியாத நடிகர் தமிழ்ப் படத்தில் நடிக்க முடிவதும் டப்பிங்கால்தான். அதைக் குறைத்து மதிக்க முடியாது. தமிழ் தெரிந்த நடிகருக்கும் இன்னொருவர் குரல் அமைவதுண்டு. ‘விண்ணைத்தாண்டி வருவாயா’விலும் ‘96’இலும் முகம் த்ரிஷாவுடையது, குரல் சின்மயியுடையது. ‘96’இன் நாயகி ஜானுவை அந்தக் குரல் இல்லாமல் நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனாலும் அழுகையை அடக்கி ஒரு நடிகர் பேசும்போது தொண்டையில் சிக்கும் அந்தச் சொல், சில மாதங்கள் கழித்துக் குளிரூட்டிய அறையில் திரையைப் பார்த்துப் பேசும்போது அதே மாதிரி வருவது அபூர்வம். எதிரில் நிற்பவரின் பேச்சுக்குப் பதிலாகப் பிறந்த குரல், எதிரில் யாருமே இல்லாதபோது தன் எடையை இழக்கிறது.

இதை நிரூபித்த படங்கள் நம்மிடமே உண்டு. ‘லகான்’ (2001) கட்ச் பகுதியின் வறண்ட வெளியில், கிராமத்தார் கூட்டத்தோடு, படப்பிடிப்பிலேயே குரலைப் பதிந்தது. அதற்கான தேசிய விருதை நகுல் காம்தேயும் சென்னையின் எச். ஸ்ரீதரும் பகிர்ந்துகொண்டனர். தமிழில் கமல்ஹாசனின் ‘விருமாண்டி’ (2004) அதே வழியில் போனது. மும்பையின் நெரிசலில் பதிந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ ரசூல் பூக்குட்டிக்கும் அவரது இரு சகாக்களுக்கும் 2009இல் ஆஸ்கர் தந்தது.

இன்னொரு விளைவு எதிர்த்திசையில் போகிறது. மைக் நெஞ்சிலேயே இருப்பதால் நடிகர்கள் உரக்கப் பேச வேண்டியதில்லை. முணுமுணுப்பே இயல்பான நடிப்பு என்றாகிவிட்டது. 2014இல் பிபிசி ஒளிபரப்பிய ‘ஜமைக்கா இன்’ தொடரில் வசனம் புரியவில்லை என்று 2,000க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. மைக்கால் முணுமுணுப்பைப் பெரிதாக்க முடியும். விழுங்கிய மெய்யெழுத்தைத் திருப்பித் தர முடியாது. ஒல்லியான டிவியின் பின்பக்க ஸ்பீக்கரில் அதைக் கேட்பவர் சப்டைட்டிலைத் தேடுவதில் வியப்பில்லை.

அந்தரங்கம் பற்றிய கேள்வியும் உண்டு, அதைத் தளங்களில் போதிய அளவு பேசுவதில்லை. மைக் மாட்டுவது என்றால் ஒருவர் உடையைத் தொடுவது, சில சமயம் உடைக்குள் கை செல்வது. என்ன செய்யப்போகிறோம் என்று முன்பே சொல்லி, சம்மதம் கேட்டு, முடிந்தவரை நடிகரையே கம்பியை உள்ளே விட்டுக்கொள்ளச் செய்வதும், நடிகைகளுக்குப் பெண் உதவியாளரோ காஸ்ட்யூமரோ உடனிருப்பதும் அடிப்படை. ஷாட் முடிந்த பிறகும் மைக் உயிரோடுதான் இருக்கும். நடிகர் வீட்டுக்குப் பேசும் போன், சக நடிகரிடம் சொல்லும் மனக்குறை எல்லாம் ஒலிப்பதிவாளரின் காதுக்குப் போகும். இயக்குநரும் தயாரிப்பாளரும் ஹெட்போன் மாட்டியிருந்தால் அவர்களுக்கும் போகும். ‘கட்’ சொன்னதும் அந்தத் தடத்தை மற்றவர்களுக்கு மூடிவிடும் ஒலிப்பதிவாளரிடம்தான் நடிகர்கள் தயங்காமல் மைக் மாட்டிக்கொள்கிறார்கள்.

[பெட்டிச் செய்தி: ஒரு மில்லி செகண்ட்]

ஒரே குரல் இரண்டு மைக்குகளில் விழும்போது தூர வித்தியாசம் 34 சென்டிமீட்டர் என்றால் கால வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மில்லி செகண்ட். இரண்டையும் சம அளவில் கலந்தால் 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளங்கள் விழும். குரல் குழாய்க்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். ஒவ்வொரு மைக்கையும் தனித் தடத்தில் பதிவது இதற்காகவே.

[பெட்டி முடிந்தது]

மறைக்காமலே மறைப்பது

‘லே மிசராப்ல’ (2012) படத்தில் இயக்குநர் டாம் ஹூப்பர் எல்லாப் பாடல்களையும் நடிகர்கள் கேமரா முன்னாலேயே பாட வேண்டும் என்றார். ஒலிப்பதிவாளர் சைமன் ஹேய்ஸ் மைக்குகளை உடைக்கு உள்ளே வைக்கவில்லை. வெளியே, துணியின் மேலேயே வைத்தார். துணி மூடாததால் குரல் மங்கவில்லை. படத்தில் தெரிந்த மைக்குகளைக் கிராபிக்ஸ் குழு ஃப்ரேம் ஃப்ரேமாக அழித்தது. ஒலிக்கலவைக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்கே போனது. ஒலிக்காகக் கிராபிக்ஸ் செலவு செய்யத் தயாரிப்பு முன்வந்ததுதான் இதில் பெரிய செய்தி. நட்சத்திரத்தின் வயதைக் குறைக்க ஆகும் செலவை ஒப்பிட்டால் சட்டை மேல் உள்ள ஒரு புள்ளியை அழிப்பது சின்ன வேலை.

உரசலைப் பிறகு நீக்கும் மென்பொருளும் இருக்கிறது. ஐசோடோப் நிறுவனத்தின் ஆர்எக்ஸ் தொகுப்பில் 2017இலேயே துணி உரசலுக்கென்று தனிக் கருவி வந்துவிட்டது. 32-பிட் ஃப்ளோட் பதிவுக்கருவிகள் எதிர்பாராத அலறலையும் உடையாமல் பதிகின்றன. இரண்டுக்கும் எல்லை உண்டு. மைக்கே திணறிப்போனால் பதிவுக்கருவியால் ஆவதொன்றுமில்லை. மெய்யொலியின் மீதே விழுந்த சரசரப்பை நீக்கினால் மெய்யொலியும் கொஞ்சம் கூடப் போகும்.

இவை எதுவும் கைகொடுக்காதபோது பழைய முறை ஒன்று இருக்கிறது. ஷாட் முடிந்த உடனே, உடை மாற்றுவதற்கு முன், விளக்குகளையும் ஜெனரேட்டரையும் அணைத்துவிட்டு, அதே இடத்தில் நடிகரை வசனத்தை மட்டும் பேசச் சொல்லி அருகில் பூம் வைத்துப் பதிவது. இதை வைல்டு ட்ராக் என்பார்கள். உணர்ச்சி இன்னும் ஆறியிருக்காது. வேகமும் நினைவில் இருக்கும். பெரும்பாலும் உதட்டசைவோடு பொருந்திவிடும். அதோடு யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் வெறும் ஒலியையும் பதிந்துகொள்வார்கள், வெட்டிய இடங்களை நிரப்ப. இரண்டுக்கும் சேர்த்துச் சில நிமிடங்கள் ஆகும். அந்தச் சில நிமிடங்களைக் கேட்டு வாங்குவது உதவி இயக்குநரின் பட்டியலில் எழுதப்பட்டிருந்தால் கிடைக்கும். இல்லையென்றால் யூனிட் அடுத்த ஷாட்டுக்கு நகர்ந்துவிடும்.